18446744073709551615: ஓர் இருபது இலக்க எண்ணைத் தாளில் வைத்துப் பிரித்துப் பார்க்கும் முறை

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் எத்தனை மணி? இந்தக் கணக்கு நம் ஊரில் கதையாகவே எல்லோருக்கும் தெரியும். அரபு மொழியில் எழுதிய இப்னு கல்லிக்கான் 1256-இலேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். விடை 2⁶⁴ − 1, அதாவது 18446744073709551615. ஆயிரம் மணி 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 46,000 கோடி டன் நெல்.

கதை பெரும்பாலும் இந்த விடையோடு நின்றுவிடும். இந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது, எந்தப் பகா எண்களால் ஆனது, அதற்கு எத்தனை வகுத்திகள், அது வர்க்க எண்ணா, முக்கோண எண்ணா என்பதையெல்லாம் கணினியே இல்லாமல் ஒரு மாலைப் பொழுதில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழி இது. இதே முறை வேறு பெரிய எண்களுக்கும் உதவும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பெரிய எண்ணைக் கண்டதும் 2, 3, 5, 7 என்று வகுக்க உட்காராதீர்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று முதலில் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எண்ணைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்வது

தவறுகள் அதிகம் நுழையும் இடம் இதுதான். 2¹⁶ = 65536 என்பது நினைவில் இருக்கட்டும். அதன் வர்க்கம் 2³² = 4294967296. இதை மறுபடி வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. பத்து இலக்க எண்ணை அப்படியே பெருக்காமல் ஐந்து ஐந்து இலக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள்: 42949 | 67296.

42949 × 42949 = 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296 × 67296 = 4528751616

முதல் வரியின் பின்னால் பத்துச் சுழியம், இரண்டாவதன் பின்னால் ஐந்து, மூன்றாவது அப்படியே. கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நமது எண். நடு வரியில் 2-ஆல் பெருக்க மறப்பதும், சுழியங்களை ஓர் இடம் தள்ளி வைப்பதும்தான் வழக்கமாக வரும் பிழைகள்.

விடை சரியா என்பதை உடனே மூன்று பக்கமிருந்து சோதிக்கலாம். 2-இன் மடக்கை 0.30103. அதை 64-ஆல் பெருக்கினால் 19.266. ஆகவே 20 இலக்கங்கள் இருக்க வேண்டும், இருக்கின்றன. 0.266-க்கு எதிர்மடக்கை எடுத்தால் ஏறக்குறைய 1.845, எண்ணும் 1844… என்றுதான் தொடங்குகிறது. கடைசி இரண்டு இலக்கங்களுக்கு: 2-இன் அடுக்குகளில் கடைசி இரு இலக்கம், முதல் அடுக்கைத் தவிர, இருபது அடுக்குக்கு ஒருமுறை திரும்பி வரும். 64-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 4, 2⁴ = 16. ஒன்றைக் கழித்தால் 15. பொருந்துகிறது.

நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்ல வேண்டுமானால் ஏழு ஏழு இலக்கமாக வெட்டுங்கள்: 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு வருகிறது. 64ஆவது கட்டத்தில் மட்டும் இருப்பது 2⁶³ = 9223372036854775808 மணிகள். மொத்தம் அதன் இருமடங்கில் ஒன்று குறைவு. கடைசிக் கட்டம் ஒன்றிலேயே, அதற்கு முந்தைய 63 கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட ஒரு மணி கூடுதலாக இருக்கிறது.

சின்னச் சோதனைகள்

இலக்கங்களைக் கூட்டுங்கள்: 87. இது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஆகவே எண்ணில் 3 இருக்கிறது, ஒரே ஒருமுறை மட்டும். கடைசி இலக்கம் 5, ஆகவே 5-ஆல் வகுபடும். கடைசி இரண்டு 15 என்பதால் 25-ஆல் வகுபடாது.

7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் முடிக்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து என்று மாற்றி மாற்றிப் போனால் போதும்.

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 018 = 1016

1016-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-ஆல் வகுத்தால் 4. 13-ஆல் வகுத்தால் 2. எதிலும் சுழியம் இல்லை, எனவே மூன்றுமே காரணிகள் அல்ல. இந்த மீதிகளைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், பிறகு விடையைச் சரிபார்க்கத் தேவைப்படும். வலமிருந்து தொடங்குவது கட்டாயம். இடமிருந்து மும்மூன்றாக வெட்டினால் இருபது இலக்கம் மூன்றால் மீதியின்றிப் பிரியாது, எல்லாம் குளறிவிடும்.

எண்ணின் வடிவம்

இதற்கு மேல் 17, 19, 23 என்று போகலாம்தான். ஆனால் இந்த எண்ணின் ஒரு காரணி 65537. அதுவரை ஒவ்வொரு பகா எண்ணாகப் போக வேண்டுமென்றால், அதற்குக் கீழே மட்டும் 6542 பகா எண்கள் உள்ளன. கையால் ஆகாது. எட்டாம் வகுப்பில் படித்த ஒரே ஒரு வாய்பாட்டைக் கொண்டு இதைத் தாண்டலாம்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றுமாக உடையும்.

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

இடப்பக்கக் காரணி மறுபடி அதே வடிவம்தான். மறுபடி உடையுங்கள். 64 என்பது 2-ஐ ஆறுமுறை பெருக்கியது என்பதால் ஆறுமுறை உடையும். கடைசியில் கையில் நிற்பவை:

(2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)
= 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை, இருபது இலக்க எண் ஆறு துண்டாகிவிட்டது. இந்த ஆறும் ஃபெர்மா எண்கள் எனப்படுபவை. இவற்றுள் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. காரணம் எளிது: எந்த ஃபெர்மா எண்ணிலிருந்தும் 2-ஐக் கழித்தால் அதற்கு முந்தைய எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்கல் கிடைக்கும் (257 − 2 = 255 = 3 × 5 × 17). ஆகவே பொதுக் காரணி ஒன்று இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். எல்லாம் ஒற்றை எண்கள் என்பதால் அது நடக்காது.

4294967297-ஐ உடைப்பது

இந்த வடிவ எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை அது உண்மை. 1732-இல் ஆய்லர் ஆறாவது எண்ணை உடைத்துக் காட்டினார். அவர் கண்மூடித்தனமாக வகுக்கவில்லை என்பதுதான் நாம் கற்க வேண்டியது.

ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1, 2⁶⁴ தரும் மீதி 1. 2-இன் அடுக்குகள் மீதி 1-க்கு முதன்முதலாகத் திரும்பி வருவது 64ஆவது அடுக்கில்தான். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் 64-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். ஆக, தேட வேண்டியது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய பகா எண்களை மட்டும்: 193, 257, 449, 577, 641… ஐந்தாவது முயற்சியிலேயே 641 அகப்பட்டுவிடும்.

பிற்காலத்தில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா இதை இன்னும் இறுக்கினார். அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண்ணுக்கு, 2-ஐ மீதியாகத் தரும் ஒரு வர்க்கம் கட்டாயம் இருக்கும். அந்த வர்க்கத்தின் வர்க்கமூலத்தை அடுக்கிக்கொண்டே போனால் மீதி 1-க்குத் திரும்ப 128 அடுக்குகள் பிடிக்கும். ஆகவே 64-க்குப் பதில் 128-இன் மடங்கு. இப்போது பட்டியலில் 641-க்கு முன்னால் 257 ஒன்றுதான் நிற்கிறது, அதுவும் இன்னொரு ஃபெர்மா எண் என்பதால் முன்னமே கழிந்தது. முதல் முயற்சியிலேயே விடை.

641 வகுக்கிறது என்பதை வகுக்காமலேயே காட்டலாம். இந்த எண்ணின் அழகு முழுவதும் இந்த நாலு வரியில் இருக்கிறது. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1, அதாவது 5 × 2⁷ + 1. மற்றொன்று 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-இன் மீதி −2⁴. அதை இங்கே வைத்தால் −2³²-இன் மீதி 1. ஆகவே 2³² + 1-இன் மீதி சுழியம்.

மறுபாதி 4294967297 ÷ 641 = 6700417. பெருக்கிப் பாருங்கள்: 6700417 × 600 = 4020250200, × 41 = 274717097, கூட்டினால் 4294967297.

எல்லாம் பகா எண்கள்தானா?

இதைச் செய்யாமல் நிறுத்துபவர்கள் அதிகம். காரணி கிடைத்தது என்பதும், கிடைத்தது பகா எண் என்பதும் வேறு வேறு.

லூக்காவின் அதே வாதத்தை 2⁸ + 1-க்கு வைத்தால், 257-இன் காரணிகள் 32-இன் மடங்கு கூட்டல் ஒன்று என்ற வடிவில் இருக்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 16-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் அப்படி எண்ணே கிடையாது, முடிந்தது. 65537-க்கு 64-இன் மடங்கு கூட்டல் ஒன்று, 256 வரை: 65, 129, 193. முதல் இரண்டும் பகு எண்கள். 193-ஆல் வகுத்தால் மீதி 110. ஒரே வகுத்தலில் 65537 பகா எண் என்று நிரூபித்தாகிவிட்டது.

6700417-க்குத்தான் கொஞ்சம் உழைப்பு. 2588² = 6697744, 2589² = 6702921, ஆகவே 2588 வரை பார்த்தால் போதும். இது 4294967297-இன் காரணி என்பதால் இதன் காரணிகளும் 128-இன் மடங்கு கூட்டல் ஒன்றாகத்தான் இருக்கும். 129, 257, 385 என்று 2561 வரை எழுதினால் இருபது எண்கள். அவற்றில் பகா எண்கள் ஐந்தே: 257, 641, 769, 1153, 1409. 257 கழிந்தது. மற்றவற்றால் வகுத்தால் வரும் மீதிகள்:

641-க்கு 44
769-க்கு 120
1153-க்கு 334
1409-க்கு 622

எதுவும் வகுக்கவில்லை. 6700417 பகா எண். ஏழு இலக்க எண் ஒன்றுக்கு நான்கு வகுத்தலில் முழு நிரூபணம்.

ஆக, 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

சரிபார்ப்பு

படிப்படியாக வகுத்து வந்தால் ஈவுகள் இவை. உங்கள் தாளில் எங்கே தடம் மாறியது என்று கண்டுபிடிக்க இவை உதவும்.

÷ 3 → 6148914691236517205
÷ 5 → 1229782938247303441
÷ 17 → 72340172838076673
÷ 257 → 281479271743489
÷ 641 → 439125228929
÷ 65537 → 6700417

முழுப் பெருக்கலைத் திரும்பச் செய்ய மனமில்லையென்றால் மீதிகளை மட்டும் பெருக்குங்கள். 9-ஆல் வகுத்த மீதிகள் முறையே 3, 5, 8, 5, 2, 8, 7. வரிசையாகப் பெருக்கி, அவ்வப்போது 9-ஐக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் 6. எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 87-ஐ 9-ஆல் வகுத்தாலும் மீதி 6. ஆனால் 9 மட்டும் போதாது: இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தால் கூட்டுத்தொகை மாறாது, பிழை தப்பித்துவிடும். 11-ஐயும் சேர்த்துப் பாருங்கள். மீதிகள் 3, 5, 6, 4, 3, 10, 9. பெருக்கினால் மீதி 4, ஓரத்தில் எழுதி வைத்த அதே 4. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் 11 காட்டிக்கொடுத்துவிடும்.

கணினியில் சரிபார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த எண் 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய குறியில்லா முழு எண், இருமத்தில் 64 ஒன்றுகள். இதோடு ஒன்று கூட்டினால் 64 பிட் இடத்தில் எல்லாம் சுழியமாகிவிடும். எக்செல் 15 இலக்கங்களைத்தான் காக்கும், அதற்குப் பின்னால் எல்லாவற்றையும் சுழியமாக்கிவிடும். அங்கே 3-ஆல் வகுத்து மீதி பார்ப்பதில் பொருளில்லை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 2⁵³-க்கு மேல் எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைத்திருக்காது. நமது எண்ணைக் கொடுத்தால் 18446744073709552000 என்று காட்டும். பைத்தான் முழு எண்களை எவ்வளவு பெரிதானாலும் துல்லியமாக வைத்திருக்கும். ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை தசம எண்ணாக மாறி 17ஆவது இலக்கம் வாக்கிலேயே துல்லியம் போய்விடும். இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள்.

வகுத்திகளின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும்

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரேயொரு முறை. ஒரு வகுத்தியை உருவாக்கும்போது ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம், விடலாம். ஆகவே 2⁷ = 128 வகுத்திகள்.

அவற்றின் கூட்டுத்தொகைக்கு 128-ஐயும் எழுதிக் கூட்ட வேண்டாம். 15-க்கு 1 + 3 + 5 + 15 = 24, அது (1 + 3)(1 + 5) தான். அதே போல இங்கே 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 12975236915480337153, எண்ணைவிடச் சிறியது. ஆகவே இது குறை எண். பகா எண் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துப் பெருக்கினால், 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416 = 9208981628670443520. எண்ணுக்குள் அடங்கி, அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் இத்தனை. பாதிக்கு மயிரிழை குறைவு.

கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து இத்தனை பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணம் வரைய முடியுமா? முடியாது. ஜெர்மன் கணித அறிஞர் காஸின் விதிப்படி ஒற்றைப் பகாக் காரணிகள் எல்லாம் வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களாக இருக்க வேண்டும். 641 அப்படியல்ல. பாதி வழியில் உள்ள 2³² − 1 = 3 × 5 × 17 × 257 × 65537-க்கு மட்டும் கொள்கையளவில் முடியும்.

வர்க்கமா, இரு வர்க்கங்களின் கூட்டலா, முக்கோண எண்ணா?

கடைசி இரண்டு இலக்கம் 15, அதை 4-ஆல் வகுத்தால் மீதி 3. எந்த வர்க்க எண்ணும் 4-ஆல் வகுபட்டு மீதி 3 தராது. வர்க்கம் இல்லை. இரண்டு வர்க்கங்களின் கூட்டலும் மீதி 3 தராது, அதுவும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. இதைக் கெடுப்பது 3 ஒன்றுதான். மற்ற ஆறு பகா எண்களும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. 3-ஐ நீக்கிவிட்டால் மிஞ்சும் 6148914691236517205-ஐ 2⁵ = 32 விதமாக இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். சிறிய அளவில் பார்க்க: 85 = 5 × 17, இரண்டு பகா எண்கள், இரண்டு விதம். 81 + 4, 49 + 36.

நெல்மணிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடுக்கி முழு முக்கோணம் அமைக்க முடியுமா என்பது கடைசிக் கேள்வி. ஓர் எண்ணை 8-ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் முழு வர்க்கம் வந்தால் மட்டுமே அது முக்கோண எண். இங்கே வருவது 2⁶⁷ − 7. இதன் வர்க்கமூலத்தைக் கணக்கிட வேண்டியதில்லை, மீதிகளே போதும். 3, 5, 7, 11, 13, 17 எதிலும் இது மாட்டவில்லை, வர்க்கம் போலவே நடிக்கிறது. 19-இல் மாட்டிக்கொள்கிறது. 2⁹ = 512-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி −1, ஆகவே 2¹⁸-க்கு மீதி 1. 67-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி 13, 2¹³-இன் மீதி 3. மூன்றிலிருந்து ஏழு போனால் −4, அதாவது 15. 19-ஆல் வகுக்கும்போது வர்க்க எண்கள் தரக்கூடிய மீதிகள் 0, 1, 4, 5, 6, 7, 9, 11, 16, 17 மட்டும். 15 இல்லை. முக்கோணம் அமையாது.

2-இன் எந்த அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் முழு வர்க்கம் வரும் என்ற இதே கேள்வியை 1913-இல் ராமானுஜன் எழுப்பினார். 3, 4, 5, 7, 15 ஆகிய ஐந்து அடுக்குகளுக்கு வருகிறது, வேறு எதற்கும் வராது என்பது அவர் கணிப்பு. 1948-இல் நார்வேயின் நாகெல் அதை நிரூபித்தார். பலகை மொழியில் சொன்னால் 1, 2, 4, 12 கட்டங்கள் வரை அடுக்கிய மணிகள் முக்கோணமாக நிற்கும். 12 கட்டத்தில் 4095 மணிகள், 90 வரிசை. 13ஆவது கட்டத்திலிருந்து 64 வரை, அதற்குப் பிறகு பலகை எவ்வளவு நீண்டாலும், ஒருபோதும் நிற்காது.